சுண்ணாம்பு தெளித்த கரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஆவணி மாதம். இருபத்திரண்டு டன் கரி. அர்த்தநாரி. இந்த மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை உங்கள் இஷ்டப்படி வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம். விழா மலர் போடுகிறவர்களுக்கு இடம் எப்போதுமே பற்றாது, எனக்குத் தெரியும். ஆனால் கரி கொண்டுவந்தது யார் என்ற இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. போன தடவை பட்டறைக்காரர் சங்கம் போட்ட மலரில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘யுத்த காலத்தில் தலைவர் கிருஷ்ணம நாயுடு அவர்களின் பெருமுயற்சியால் நிலக்கரி தருவிக்கப்பட்டது.’ ஒரே வரி. நாயுடு நல்ல மனுஷர்தான், போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய பெருமுயற்சி கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி வரவழைத்ததோடு சரி. யோசனை என்னுடையது. போன ஆளும் என் ஆள்.

உட்காருங்கள். நாற்காலியைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் ஒட்டும். சுவரைப் பார்க்கிறீர்கள். வருகிற எல்லாரும் பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய வீடு, வாசலில் கார் நிற்கிறது, சுவர் மட்டும் ஏன் அடுப்படி மாதிரி இருக்கிறதென்று. கஞ்சன் என்று ஊரில் எனக்குப் பெயர். சொல்கிறேன், அதுவும் இந்தக் கரிக் கதையில்தான் வருகிறது. ஆனால் அதை மலரில் போடவேண்டாம்.

யுத்தம் வந்த புதிதில் எங்களுக்கு நல்ல காலம் என்றுதான் நினைத்தோம். சீமைச் சாமான் வரத்து நின்றுபோயிற்று. தோட்டத்துக் கிணற்றுக்குப் பம்பு வேண்டுமா, நூற்பாலைக்குப் பல்சக்கரம் வேண்டுமா, எங்களிடம்தான் வரவேண்டும். பீளமேட்டைச் சுற்றி நாங்கள் பதினோரு பட்டறை. வேலை தலைக்கு மேல் கிடந்தது. உலையில் போடத்தான் கரி இல்லை.

விறகுக் கரி கிடைத்தது. அதில் இரும்பைச் சிவக்க வைத்து அடிக்கலாம், வளைக்கலாம். எங்கள் உலைகளில் அதைப் போட்டு இரும்பை உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. அதற்கு வடக்கே வங்காளத்துப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வருகிற கரிதான் ஆகும். அதுவோ ரயிலுக்கும் கப்பலுக்கும் பட்டாளத்துக்கும் போனது போக, மிச்சம் என்று ஒன்று இருந்தால் எங்களுக்கு. சென்னையில் போய்க் காத்துக் கிடந்து பர்மிட் வாங்கினோம். பர்மிட் வந்தது, கரி வரவில்லை. முதல் வேகனை வழியில் எந்த ஸ்டேஷனிலோ பக்கத்துத் தண்டவாளத்தில் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். ஏனென்று கேட்க ஆளில்லாமல் அது அங்கேயே நின்றுபோயிற்று. இரண்டாவது வேகன் வந்தது. பார்த்தால் பாதி. வழியெல்லாம் கூடை கூடையாக அள்ளியிருக்கிறார்கள். அங்கே யாரைப் போய்க் கேட்பது?

ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள், உலையைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். வார்ப்பு வேலை தெரிந்தவன் கிடைப்பது சுலபமில்லை. அவன் பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு யுத்தம் முடிந்து கரி குவிந்தாலும் பிரயோசனமில்லை. நாயுடு தன் ஆட்களைத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க வைத்துக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்குள் கரி வராவிட்டால் பதினோரு பட்டறையும் கதவைச் சாத்தவேண்டியதுதான். இதுதான் நிலைமை. இதை விவரமாக எழுதுங்கள்.

அப்போது கூடிய கூட்டத்தில்தான் நான் எழுந்து சொன்னேன். பர்மிட் இருக்கிறது, வேகன் கொடுக்கிறார்கள், வழியில்தானே போகிறது, வழிக்கு ஒரு ஆள் போடுவோம் என்றேன். இங்கிருந்து ஒருவன் சுரங்கத்துக்குப் போக வேண்டும். கண்ணெதிரில் கரியை ஏற்ற வேண்டும். அதே வேகனில் கரி மேலேயே உட்கார்ந்து கோயமுத்தூர் வரை வரவேண்டும். எங்கே தள்ளி நிறுத்தினாலும் ஸ்டேஷன் மாஸ்டர் காலைப் பிடித்தாவது அடுத்த வண்டியில் கோக்கச் சொல்ல வேண்டும். சிரித்தார்கள். புருஷன் வீட்டுக்குப் போகிற புதுப்பெண்ணுக்குத் துணை அனுப்புகிற மாதிரி கரிக்கும் துணையா என்றார் நாயுடு. “ஆமாங்க, இந்தப் பொண்ணு வழியில காணாமப் போகுதே, என்னங்க பண்றது?” என்றேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

யார் போவது என்ற பேச்சு வந்ததும் ஒவ்வொருவரும் தன் தன் துண்டைப் பார்த்தார்கள். ஒருத்தர் மகனுக்கு மூச்சிரைப்பு, ஒருத்தர் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். நான்தான் சொன்னேன், என் மாப்பிள்ளை போவான் என்று.

மாப்பிள்ளை என்றால் என் மனைவி பாவாத்தாளின் தம்பி. அர்த்தநாரி. என் பட்டறையில்தான் அச்சு வேலை பார்த்தான். தாய் இல்லாத பையன், அக்காதான் தூக்கி வளர்த்தது. கல்யாணமாகி வரும்போது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொந்தத் தம்பி மாதிரி வேலை கற்றுக்கொடுத்தேன். இருபத்து நாலு வயசு, திடகாத்திரம், கொஞ்சம் வாய். சொன்னால் சொன்னபடி செய்வான். அதுதான் முக்கியம்.

அன்று சாப்பிடும்போது பாவாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நீங்க போனா என்னங்க?”

பாருங்கள், பெண்களுக்கு வெளி உலகம் தெரியாது. பட்டறையை யார் பார்ப்பது? சங்கத்தில் யார் பேசுவது? சென்னைக்கு எழுத வேண்டும், தந்தி கொடுக்க வேண்டும். அதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மறுநாள் ராகி வறுத்து மாவாக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன், இதை அவசியம் போடுங்கள். வேகன் திறந்த வேகன், மேலே கூரை கிடையாது. ஆள் உட்கார்ந்திருந்தாலும் அசந்து தூங்காமல் இருப்பானா? தூங்கும்போது பின்பக்கம் இருந்து அள்ளினால் எப்படித் தெரியும்? அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கரியை ஏற்றிக் குவித்ததும் மேலே சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துவிட வேண்டும். காய்ந்தால் குவியல் முழுக்க வெள்ளையாகிவிடும். எங்கே ஒரு கட்டியை எடுத்தாலும் அந்த இடம் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும். சில இடங்களில் ரயில்வேயிலும் அப்படிச் செய்வதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊரில் இதை முதலில் செய்தது நான்தான். அங்கே சுண்ணாம்பு கிடைக்குமோ கிடைக்காதோ என்று வீட்டில் வெள்ளையடித்து மிச்சமிருந்த சிப்பிச் சுண்ணாம்பை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன்.

ஸ்டேஷனில் அந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? “ஏனுங் மச்சான், ஊட்டுக்கு அடிக்கற சுண்ணாம்பக் கரிக்கு அடிக்கறோம். பொங்கலுக்கு ஊட்டுக்குக் கரியப் பூசிரலாங்களா?” அவன் அக்காகூடச் சிரித்துவிட்டாள். சொன்னேனே, கொஞ்சம் வாய்.

நான் அவனுக்கு இரண்டே இரண்டு விஷயம்தான் சொன்னேன். நிறையச் சொன்னால் மறந்துவிடுவான். “என்ன ஆனாலும் வேகன விட்டு எறங்காத. சுண்ணாம்பு கலையாம வந்து சேரு.” சரிங்க மச்சான் என்றான். பாவாத்தாள் மாவும் எள்ளுருண்டையும் கட்டிய துணியைக் கொடுத்தாள், தன் கம்பளியைக் கொடுத்தாள். இந்த வெக்கையில் எதற்குக் கம்பளி என்று நான்கூடக் கேட்டேன். கரி குத்தும் என்றாள்.

சுரங்கத்திலிருந்து ஒரு தபால் கார்டு போட்டிருந்தான். கரி ஏற்றியாயிற்று, சுண்ணாம்பு தெளித்தாயிற்று, சேலத்துப் பட்டறைக்காரர்கள் அனுப்பிய சவரிமுத்து என்ற ஆளும் பக்கத்து வேகனில் வருகிறார், பேச்சுத் துணைக்குக் கவலையில்லை, அக்காவிடம் சொல்லவும். அவ்வளவுதான். அப்புறம் தகவலே இல்லை. புரட்டாசி பிறந்தது. நான் தினமும் கூட்ஸ் ஷெட்டுக்குப் போவேன், வருவேன். வீட்டு வாசலை மிதிக்கும்போதே பாவாத்தாள் என் முகத்தைப் பார்ப்பாள். கரி வரவில்லை என்று சொல்லுவேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது வேகன் வந்து சேர்ந்தது.

அந்தக் காட்சியை நீங்கள் எழுதத்தான் வேண்டும். பதினோரு பட்டறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். நாயுடு தேங்காய், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்தார். இஞ்சின் வேகனைத் தள்ளிக்கொண்டு வருகிறது. மேலே குவியல் வெள்ளை வெளேரென்று, கோபுரத்துக்கு வெள்ளையடித்த மாதிரி. அத்தனை தூரம், அத்தனை மழை வெயில், சுண்ணாம்பு அங்கங்கே மங்கியிருந்ததே தவிர உடையவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் வேகன் மேல் ஏறிக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று.

ஆள் இல்லை.

ரயில் கார்டைக் கேட்டோம். அவர் ஈரோட்டில் வண்டி ஏறியவர், வேகனில் ஆள் இருந்ததாகவே தெரியாது என்றார். அப்போதுதான் பார்த்தேன். வேகனின் ஒரு மூலையில் சுண்ணாம்பு போய் ஒரு ஆள் நீளத்துக்குக் கறுப்பு. ஆள் இல்லை, அங்கே கறுப்பு. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? வழியில் எவனுக்கோ அள்ளிக் கொடுத்துவிட்டு, என் முகத்தில் முழிக்கப் பயந்து இறங்கிப் போய்விட்டான் என்றுதானே? நானும் அதைத்தான் எல்லார் முன்னாலும் சொன்னேன். எடை மேடையில் வேகனை ஏற்றி நிறுத்தார்கள். குறைவு இல்லை. அந்தக் காலத்து எடை மேடையை எந்த அளவுக்கு நம்புவது?

வீட்டுக்கு வந்தேன். பாவாத்தாள் இலை போட்டு வைத்திருந்தாள், இரண்டு இலை.

“உன் தம்பி வேகன விட்டுட்டு ஓடிட்டான்.”

“அவன் ஓட மாட்டானுங்க. தேடிப் பாருங்க.”

எங்கே என்று தேடுவது? இங்கிருந்து வங்காளம் வரைக்கும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகவா? அதுவும் கரி வந்து குவிந்திருக்கிறது, இறக்க வேண்டும், பதினோரு பங்காகப் பிரிக்க வேண்டும், பூஜைக்கு முன் உலை பற்ற வேண்டும். பூஜை கழியட்டும், பார்க்கலாம் என்றேன். பட்டாளத்தில் சேர்ந்திருப்பான், தீபாவளிக்குப் பணம் அனுப்புவான் பார் என்றும் சொன்னேன். ஒரு ஆறுதலுக்குத்தான்.

அந்த ஆயுத பூஜை மாதிரி ஒன்று நடந்ததில்லை. பதினோரு பட்டறையிலும் உலை எரிந்தது. ராத்திரி மேட்டில் நின்று பார்த்தால் பீளமேடே சிவந்து தெரியும். சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னேன்: என் மாப்பிள்ளை நடு வழியில் கடமையை விட்டுப் போனதற்காக நான் தலை குனிகிறேன், பங்கில் குறை என்று யாருக்காவது தோன்றினால் என் பங்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று. கூட்டம் அப்படியே அசந்துபோயிற்று. பெண்சாதியின் தம்பி என்று பார்க்காமல் நடுச் சபையில் நியாயம் பேசினார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பாவாத்தாள் காதுக்கும் போயிருக்கிறது.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். என் மருமகள் போட்டது. சர்க்கரை கூடத்தான் இருக்கும்.

தீபாவளி வந்தது. அர்த்தநாரிக்கு எடுத்த வேட்டியை மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்தாள். வேட்டி அப்படியே இருந்தது. தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்த சமயம், ஒரு மத்தியானம், வாசலில் ஒரு ஆள் நின்றான். எலும்பும் தோலுமாக, தலைமுடி கொட்டிப்போய். கையில் ஒரு கம்பளி. “நாச்சிமுத்து அண்ணன் ஊடுங்களா?” என்றான். நான் பதில் சொல்வதற்கு முன்னால் பாவாத்தாள் உள்ளேயிருந்து வந்து அந்தக் கம்பளியை வாங்கிக்கொண்டாள்.

அவன்தான் சவரிமுத்து. சேலத்து ஆள். அவனுடைய வேகனைச் சேலத்தில் கழற்றிவிட்டார்கள். இறங்கியவன் அன்றைக்கே காய்ச்சலில் விழுந்து அப்போதுதான் எழுந்திருக்கிறான். கட்டிலில் கிடந்தபோதே கடிதம் எழுதச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “கம்பளியக் கையில குடுக்கணும்னு சொன்னானுங்க” என்றான்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது. பட்டாளத்து வண்டிகளுக்கு வழிவிட்டுக் கரி வண்டியை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நாள் கணக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். நிற்கிற இடமெல்லாம் ஜனங்கள் வந்து வேகனைச் சுற்றி நின்றார்களாம். கரியை எடுக்க இல்லை. சோறு வடித்த கஞ்சித் தண்ணி இருந்தால் ஊற்று என்று கேட்டிருக்கிறார்கள். கூச்சல் இல்லை, பிடுங்கல் இல்லை, மண்சட்டியை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார்களாம். அர்த்தநாரி அக்கா கொடுத்த மாவைக் கரைத்து ஊற்ற ஆரம்பித்திருக்கிறான். எள்ளுருண்டையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டான். உனக்கு வேண்டாமா என்று சவரிமுத்து கேட்டதற்கு, ஊருக்குப் போனால் அக்கா இருக்கிறாள் என்றானாம். நான் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. வழிக்கு என்று கட்டிக் கொடுத்ததை வழிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அது அவனுடைய தப்புத்தான்.

அப்புறம் வாந்தி பேதி கண்டிருக்கிறது. ஒரு பெரிய ஸ்டேஷனில் ஆஸ்பத்திரி இருந்ததாம். சவரிமுத்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறான், என் வேகனோடு சேர்த்து உன் வேகனையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இறங்கு என்று. இவன் இறங்கவில்லை. “எறங்கக் கூடாதுன்னு மச்சான் சொல்லியிருக்காரு” என்று சொல்லிவிட்டானாம். சொன்னேனே, சொன்னால் சொன்னபடி செய்வான். வேறு இடம் பூராவும் மிதித்தால் சுண்ணாம்பு கலையும் என்று ஒரே மூலையில் கம்பளியை விரித்து அதிலேயே கிடந்திருக்கிறான். அந்த மூலைதான் நான் பார்த்த கறுப்பு. கரி எடுத்த இடமில்லை, படுத்த இடம்.

அதற்கடுத்து ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் சவரிமுத்துவுக்கு வாயில் நுழையவில்லை. பக்கத்தில் ஆறு ஓடியது என்றான். அங்கே விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது.

இதற்கு மேல் அவன் என்னைப் பார்த்துப் பேசவில்லை, பாவாத்தாளைப் பார்த்துத்தான் பேசினான்.

“உங்க சனம் எரிக்கறவங்கன்னு எனக்குத் தெரியுமுங்க்கா. நாங்க பொதைக்கறவங்க. அவன எரிச்சுரோணும்னுதான் நெனச்சனுங்க. அந்த ஊர்ல வெறகு இல்லீங்க. ஆத்தோரமெல்லாம் சனம் அப்படியே கெடக்குதுங்க. இருபத்திரண்டு டன் கரி நிக்குது. ரெண்டு கூடை அள்ளுனா அவனுக்குப் போதும். கூடைய எடுத்துட்டு அவன் வேகன்ல ஏறுனனுங்க. ‘சுண்ணாம்பு மேல கை வச்சராத, மச்சான் பாப்பாரு’ன்னு முந்தின நாள் பூராச் சொல்லிட்டே கெடந்தானுங்க. ஏறி நின்னு அந்த வெள்ளையப் பாத்தனுங்க. எறங்கிட்டனுங்க.”

உன் வேகனிலிருந்து எடுத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே? எடுக்கத்தான் போனானாம். அதற்குள் வண்டி புறப்பட ஊதிவிட்டது. ஆற்று மணலில் கையால் குழி தோண்டி வைத்துவிட்டு ஓடிவந்து ஏறியிருக்கிறான். மணல் ஈரம், ரொம்ப ஆழம் தோண்ட முடியவில்லை என்றான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவனுக்குச் சாப்பாடு போட்டாள். இலைக்கு எதிரில் உட்கார்ந்து, வேண்டுமா வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். அழவில்லை. அவன் போன பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு மட்டும் துக்கம் இல்லையா? பதினோரு வருஷம் என் வீட்டில் வளர்ந்தவன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அவள் மனசு ஆறட்டும் என்று சொன்னேன்: “பாத்தியா பாவாத்தா, உன் தம்பி ஒரு கட்டி குறைய விடலே. சொன்ன வாக்கக் காப்பாத்திட்டான்.”

கம்பளியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அதைச் சவரிமுத்து ஆற்றில் அலசித்தான் கொண்டுவந்திருந்தான், ஆனாலும் அங்கங்கே சுண்ணாம்புத் திட்டு போகவில்லை.

“அந்தக் கரி எங்கீங்க?”

“ஏது, வந்த கரியா? உலையில போட்டாச்சு.”

“எல்லாம் எரிஞ்சிருச்சுங்களா?”

“எல்லாம் எரிஞ்சிருச்சு.”

“அவன மட்டும் எரிக்கலீங்க.”

அவ்வளவுதான் கேட்டாள். ஏன் அவனை அனுப்பினேன், ஏன் தேடவில்லை என்று ஒரு பேச்சு இல்லை. வேறு பெண்ணாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சங்கத்தில் விஷயத்தைச் சொன்னேன். நாயுடு கண் கலங்கிவிட்டார். ஒரு நிமிஷம் எழுந்து நின்றோம். அப்போதே ஒருத்தர் சொன்னார், பூஜையன்று அவசரப்பட்டுவிட்டீர்களே நாச்சிமுத்து என்று. அவசரம் என்ன? அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தானே அன்றைக்குப் பேச முடியும்? அடுத்த வேகனுக்கு யார் வீட்டு ஆளும் போகவில்லை. கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்து அனுப்பினோம். சுண்ணாம்பு மட்டும் கடைசிவரை தெளித்தோம். யுத்தம் முடிகிறவரை பதினோரு உலையில் ஒன்றுகூட அவியவில்லை. அதை நீங்கள் பெரிய எழுத்தில் போடலாம்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பொங்கலுக்கு முன்னால் வழக்கம்போல வெள்ளையடிக்க ஆள் வந்தான். வாசலில் வாளியை வைத்துச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான். பாவாத்தாள் நிலைப்படியில் வந்து நின்றாள். இந்த வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு படக்கூடாது என்றாள். துக்க வருஷம், பொங்கல் இல்லை, சரி என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த பொங்கலுக்கும் அதே நிலைப்படி, அதே பேச்சு. அதற்கடுத்த பொங்கலுக்கும். உள்ளே அடுப்புப் புகை, வெளியே பட்டறைப் புகை. நாலு வருஷத்தில் சுவர் இந்த நிறத்துக்கு வந்துவிட்டது. மகள் கல்யாணத்தை மண்டபத்தில் வைத்தேன். சம்பந்தி வீட்டார் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட இந்தக் கூடத்தில் உட்காரவில்லை. நான் கோபித்துப் பார்த்தேன், நயமாகப் பேசிப் பார்த்தேன். சுண்ணாம்பு வேண்டாம், பச்சை பெயிண்டாவது அடிக்கட்டுமா என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் நான் கேட்கவில்லை.

சுவரோடு போகவில்லை. அவள் வெற்றிலை போடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்த வாய் சிவந்த வாய். அதற்கும் சுண்ணாம்பு தொடுவதை விட்டுவிட்டாள். வெறும் வெற்றிலை, வெறும் பாக்கு. மென்று மென்று பார்ப்பாள், சிவக்காது. பதினைந்து வருஷம் அப்படி மென்றாள்.

ஆனால் ஒன்று, அவளுக்கு என் மேல் கோபம் கிடையாது. வேளைக்குச் சோறு, காய்ச்சல் என்றால் கஷாயம், பட்டறை ஆட்கள் எத்தனை பேர் வந்தாலும் முகம் சுளித்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கோபம் பூராவும் சுண்ணாம்பின் மேல்தான். சுண்ணாம்பு என்ன செய்தது பாவம் என்று நானே பல தடவை நினைத்துக்கொள்வேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. ஆமாம், இதெல்லாம் மலருக்கு வேண்டாம்தான். அர்த்தநாரி பெயரை மட்டும் போடுங்கள். ‘கரிக்குத் துணையாகச் சென்றவர்’ என்று போட்டால் போதும். திரும்பி வந்தாரா என்று எழுத இடம் இருக்காது. என் பெயருக்கு முன்னாலேயே போட்டாலும் சரிதான்.

பாவாத்தாள் ஐம்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் தவறிப்போனாள். அந்தக் கம்பளியைத் தன் மேல் போர்த்திச் சேர்த்து எரிக்கச் சொல்லியிருந்தாள். அப்படியே செய்தோம். விறகு தாராளமாக வைத்தேன். நூறு பேர் பார்த்தார்கள், கேட்டுப் பாருங்கள். அதற்கடுத்த பொங்கல் எங்களுக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஜனவரி பன்னிரண்டாம் தேதி, போகிக்கு முதல் நாள் காலையில், என் மகன் வரச்சொல்லி வெள்ளையடிக்கிற ஆள் மட்டையும் வாளியுமாக வந்து வாசலில் சுண்ணாம்பு கரைத்தான். நான் நிலைப்படியில் போய் நின்றேன். கூலியைக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.